புஷ்பம் அக்காவைக் கேட்டவர்கள்

சென்ற மாதம் என் பழைய வேலைத்தலத்திலிருந்து ஓர் இளம் அலுவலர் தொலைபேசியில் பேசினார். அருங்காட்சியகத்துக்குத் தொடுதிரைகள் வந்திருக்கின்றனவாம். பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று புதிய பிரிவு தொடங்கப்போகிறார்களாம். “உயிர்தப்பினவங்கட ஞாபகங்களைப் பாதுகாக்கிற வேலையில இளம் பிள்ளைகளை எப்படிச் சேர்க்கிறது என்று நீங்க வந்து கொஞ்ச நேரம் பேசணும், மிஸ்” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அன்று முழுதும் மனம் ஒரு நிலையில் இல்லை. சொல்லிக்கொடுக்க என்னிடம் வழிமுறை எதுவும் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளையும் ஓர் ஒலிப்பதிவையும் பற்றிய கதைதான் இருக்கிறது. அதில் நாங்கள் செய்தது சரியா என்ற கவலை இன்னும் என்னை விடவில்லை. மேடையில் நின்று சொல்ல என்னால் முடியாது என்பதால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஓர் ஊரின் பெயரை எழுதவே மாட்டேன். எழுதலாமா என்று கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுவிட்டேன்.

நான் அக்குறணைக்காரி. வாப்பாவுக்கு அங்கே புடவைக் கடை. பாடசாலையில் உயர்தரம் முடித்துத் தட்டெழுத்துப் பழகி, கண்டியில் ஓரிரு கந்தோர்களில் எழுத்து வேலை பார்த்துவிட்டு, அந்தச் சிறிய அருங்காட்சியகத்தில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்தேன். பிறகு ஒலிப்பதிவு செய்யப் பழகினேன். கடைசிப் பதினைந்து வருடங்கள் கல்விப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. மலைச்சரிவில் ஒரு பழைய வீடுதான் அருங்காட்சியகம். நாட்டில் இனத்தின் பெயரால் அடிக்கப்பட்டு, எரிக்கப்பட்டு, உயிர் மட்டும் மிஞ்சியவர்களின் குரல்களை அங்கே சேர்த்துவைத்தோம். பார்க்க வருபவர் ஒரு கதிரையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருவருடைய குரலைக் கேட்கலாம். அவ்வளவுதான்.

பணிப்பாளர் மனோன்மணி மேடம் யாழ்ப்பாணத்தவர். மெல்லிய உடம்பு, மெல்லிய குரல். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடியும்வரை எவரும் வாய் திறக்க மாட்டோம்.

ஒலிப்பதிவுக்கு அவர் வகுத்த முறை கடுமையானது. முதல் தடவை போகும்போது இயந்திரத்தைக் கொண்டுபோகக் கூடாது. சும்மா போய்ப் பேசிவிட்டு வர வேண்டும். இரண்டாம் தடவை இயந்திரத்தைக் காட்டி, எங்கே அமர்த்துவது என்று அவர்களிடமே கேட்க வேண்டும். மூன்றாம் தடவைதான் பதிவு. சொல்பவர் கதவைப் பார்த்தபடி உட்கார வேண்டும், நாம் கதவுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். “ஏன்” என்ற கேள்வி கூடாது. “ஏன் ஓடேல்லை எண்டு கேட்டால், ஓடாதது அவையின்ர பிழை எண்டு ஆகிவிடும், ஸரீனா” என்பார். அழுதால் இயந்திரத்தை நிறுத்தக் கூடாது, அவர்கள் கையை உயர்த்தினால் மட்டும் நிறுத்தலாம். கண்ணால் கண்டதைத் தனியாகவும் காதால் கேட்டதைத் தனியாகவும் சொல்லும்படி மெதுவாக வழிகாட்ட வேண்டும். பதிவு முடிந்ததும் எழுந்து வந்துவிடக் கூடாது. அவர்கள் ஒருவாய் சாப்பிடும்வரை கூட இருக்க வேண்டும். அடுத்த நாள் தொலைபேசியில் விசாரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குரல் கொடுத்தவர் எந்த நாளிலும் வந்து “வேண்டாம்” என்று சொல்லலாம். சொன்னால் மறுபேச்சில்லை.

இளம் பிள்ளைகளை இந்த வேலைக்குள் கொண்டுவருவதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் கேட்க ஆளில்லாத குரலை வைத்து என்ன செய்வது? உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரக் காத்திருக்கும் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் சேர்த்தோம். சுவரொட்டி வரைவது, பார்வையாளருக்கு வழிகாட்டுவது போன்றவை முதலில். விருப்பம் காட்டியவர்களுக்கு ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் இறக்கும் வேலை. ஒரு வாரத்தில் ஒரு குரலுக்கு மேல் கேட்கக் கூடாது. கேட்டு முடித்த பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நானோ மேடமோ கூட நடந்துபோய் பஸ் ஏற்றிவிட்டு வர வேண்டும்.

அப்படி வந்தவர்கள்தான் கௌசல்யாவும் திலினியும். கௌசல்யா கலஹாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து பறிப்பவர். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். திலினி சிங்களப் பிள்ளை. தகப்பன் பாடசாலை ஆசிரியர். தமிழைப் புத்தகத்தில் படித்தவள், அதனால் பேச்சும் புத்தகம் போலவே இருக்கும். “மிஸ், நான் இன்று தாமதமாக வந்துள்ளேன்” என்பாள். கௌசல்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஒருத்தி தமிழில் எழுதுவாள், மற்றவள் அதைச் சிங்களத்துக்கு மாற்றுவாள்.

புஷ்பம் அக்காவை எங்களுக்குக் காட்டித் தந்தது கௌசல்யாதான். தோட்டத்து வரிசை வீடுகளில், அவளுடைய லயத்துக்கு அடுத்த லயத்தில் இருந்தார். அறுபதை நெருங்கும் வயது, தனிக்கட்டை. எண்பத்து மூன்று ஜூலையில் அவர் புதிதாகக் கல்யாணமானவர். கணவர் ஒரு சிறிய டவுனில் பலசரக்குக் கடையில் வேலை. அந்த ஊரில் மெனிகே என்ற சிங்கள அம்மாவின் வளவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார்கள். கடையோடு கணவரை எரித்துவிட்டார்கள். புஷ்பம் அக்காவை மெனிகே தன் விறகுக் கொட்டிலில் ஒளித்துவைத்து, நாட்கணக்கில் சோறு போட்டு, பிறகு அகதி முகாமுக்கு அனுப்பிவைத்தார். கௌசல்யா கேள்விப்பட்டிருந்தது அவ்வளவுதான். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததும் அவ்வளவுதான்.

மூன்றாம் தடவை போனபோது நானும் அந்த இரண்டு பிள்ளைகளும் இருந்தோம். புஷ்பம் அக்கா நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கொட்டில் வரைக்கும் வந்ததும் நிறுத்தினார். கையை உயர்த்தவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“பலக இடுக்கால பாத்துக்கிட்டே இருந்தேன். மெனிகே அக்கா மகன் எண்ணெ டின்ன தூக்கிக்கிட்டு ரோட்டுப் பக்கம் போனான். நாலஞ்சு பேரு கூட. அவனுக்கு எங்க வீட்டுக்காரர விட ஏழெட்டு வயசு கம்மி. அவருதான் அவனுக்கு கேரம் வெளையாடச் சொல்லிக் குடுத்தாரு.” அவனுடைய பெயரைச் சொன்னார். “கடைய எரிச்சது யாருன்னு நான் பாக்கல. பாக்காதத சொல்ல மாட்டேன். அவன் டின்னோட போனத பாத்தேன். திரும்பி வரையில என் தையல் மெசின தோள்ல வச்சிக்கிட்டு வந்தத பாத்தேன். அந்த வீட்டுக்குள்ளதான் கொண்டு போனான்.”

திலினி குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டாள்.

“அன்னைக்குப் பொழுது சாயயில மெனிகே அக்கா சோறு கொண்டாந்தா. நான் பாத்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒண்ணும் பேசல. கோப்பைய வச்சிட்டு என் காலைத் தொட்டா. என் தாய் வயசு அவளுக்கு. என் காலைத் தொட்டா, மிஸ்.”

அன்று அவர் சாப்பிட வெகு நேரமாயிற்று. திரும்பி வரும் பஸ்ஸில் கௌசல்யா ஓயாமல் பேசினாள். திலினி பேராதனை வரும்வரை யன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது மட்டும் கேட்டாள்: “மிஸ், இந்தப் பகுதியையும் நான் மொழிபெயர்க்க வேண்டுமா?”

“ஒங்களுக்கு ஏலாட்டி வேணாம் மகள்” என்றேன்.

“இல்லை. நான்தான் செய்ய வேண்டும்” என்றாள்.

அடுத்த வருடம் மார்ச்சில் கண்காட்சியை மாற்றி அமைப்பதாக இருந்தோம். புஷ்பம் அக்காவின் குரல்தான் நடுவில். அதன் விளக்கப் பலகையில் அந்த நாட்களைக் குறிக்க என்ன சொல்லை எழுதுவது என்று பிள்ளைகளுக்குள் பெரிய வாக்குவாதம். பழைய பலகையில் ‘இனக்கலவரம்’ என்று இருந்தது. கௌசல்யா அதை இனப்படுகொலை என்று மாற்ற வேண்டும் என்றாள். வேறு சிலர் பயந்தார்கள். அப்படி எழுதினால் நாளைக்கே விசாரிக்க வருவார்கள் என்றார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. சிவில் உடையில் ஆட்கள் வந்து எங்கள் வருகைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனதுண்டு. மேடம் இரண்டு பக்கத்தையும் கேட்டார். “புஷ்பத்திட்டக் கேளுங்கோ. அவ என்ன சொல்லுறாவோ அதை எழுதுங்கோ” என்றார்.

புஷ்பம் அக்கா சொன்னார்: “கலவரம்னா ரெண்டு பக்கமும் அடிச்சிக்கிறது. நாங்க எங்க அடிச்சோம்? ஓடுனோம். பெரிய பேரெல்லாம் எனக்குத் தெரியாது புள்ள. எங்கள எரிச்ச நாளுன்னு எழுது.” மூன்று மொழியிலும் அப்படியே எழுதினோம். கௌசல்யாவுக்கு அரைத் திருப்திதான். அந்தச் சொல்லுக்காக அவள் இன்றைக்கும் வாதாடுவாள்.

பலகைக்கு அந்த ஊர்த் தெருவின் படம் ஒன்று தேவைப்பட்டது. நாங்கள் மூவரும் போய் எடுத்துவந்தோம். வீட்டை எடுக்கவில்லை, கொட்டிலை எடுக்கவில்லை, தெருவை மட்டும்தான். ஆனால் சிறிய ஊர். யாரோ விசாரித்தார்கள். அருங்காட்சியகம் என்று திலினி உண்மையைச் சொன்னாள்.

ஒரு கிழமைக்குள் அவர் வந்தார்.

மழை பெய்துகொண்டிருந்த பின்னேரம். ஐம்பதைத் தாண்டிய மனிதர், வெள்ளைச் சேர்ட், நன்றாக மடித்த குடை. மெனிகேயின் மகன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். கதவைத் திறந்துவிட்டது திலினி. கௌசல்யா பலகைக்குப் பின்னால் ஏணியில் நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த சுத்தியலை நான் போய் மெதுவாக வாங்கிக்கொண்டேன். விழுந்து சத்தம் வந்துவிடுமோ என்றுதான்.

மேடம் அவருக்குத் தேநீர் வரவழைத்தார். பேச்சு சிங்களத்தில் நடந்தது.

“எங்கள் வீட்டைப் பற்றி அந்தப் பெண் என்ன சொல்லியிருக்கிறாள்?”

“அது அவருடைய குரல். அவர் சம்மதித்தால்தான் மற்றவர் கேட்கலாம். நீங்கள் வந்ததை அவரிடம் சொல்கிறேன்.”

“என் அம்மாதான் அவளைக் காப்பாற்றினார்.”

“தெரியும்.”

“அம்மா இறந்துவிட்டார். ஊரில் எல்லோரும் அம்மாவை மதிக்கிறார்கள். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றவில்லை. “உங்களுக்கும் சொல்ல ஏதாவது இருந்தால், அதற்கும் இங்கே இடம் இருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்” என்றார்.

அவர் தேநீரைத் தொடவில்லை. எழுந்து, குடையை விரிக்காமலே படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. வாசல் கேட்டுக்கு எதிரில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி ஒலித்து, எடுத்தால் பேச்சில்லாமல் துண்டிக்கப்பட்டால், அவராக இருக்குமோ என்று நினைத்தேன். திலினியின் தகப்பன் வந்து, பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வேண்டும் என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கோபமாகப் பேசவில்லை. “எங்கள் ஊரிலிருந்து அந்த ஊர் தூரமில்லை, மிஸ்” என்று மட்டும் சொன்னார். கௌசல்யாவும் கலஹா பஸ்ஸில் தனியாகப் போய் வந்துகொண்டிருந்தாள். அவள் வீடு சேர்ந்துவிட்டதாகத் தகவல் வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. பிள்ளைகளை எதற்காக இதற்குள் இழுத்தோம் என்று மனம் அடித்துக்கொண்டது. மேடமிடம் சொன்னேன். “ஓம், எனக்கும் அதே யோசினைதான்” என்றார்.

கண்காட்சி திறக்க இருந்த மார்ச்சில்தான் கண்டிக்கு அருகே திகனப் பக்கம் கடைகளும் பள்ளிவாசல்களும் எரியத் தொடங்கின. இந்தமுறை எங்கள் ஆட்களுடையவை. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். இருந்தும் கூட்டம் ஊர் ஊராக வருகிறது என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. அக்குறணையிலும் கல் விழுந்தது. என் நானா, மூத்த சகோதரர், கடையை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் வந்து, யன்னல்களுக்கு எதிரே அலுமாரிகளை நகர்த்திவைத்தார். இத்தனை வருடம் மற்றவர்கள் சொல்லக் கேட்டு நான் தட்டெழுதியவை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முதலில் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். பிறகு நகையை முடிந்துகொள்வார்கள். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

அப்போது தொலைபேசி ஒலித்தது. புஷ்பம் அக்கா.

“மிஸ், எங்க இருக்கீங்க? வீட்லயா? வீட்ல இருக்காதீங்க. வாகனம் ஓடுதா? எங்கயாவது வழி இருந்தா இங்க வந்துருங்க. என் காம்பிராவுல ஆறு பேரு படுக்கலாம். லயத்துக்குப் பின்னால பெரிய தண்ணிக் கான் இருக்கு, அது வழியா மேல காட்டுக்குப் போயிரலாம். நான் பாத்து வச்சிட்டேன்.”

“ஊரடங்கு அக்கா, வெளிய எறங்க ஏலா” என்றேன்.

“அப்ப வெளிச்சத்த அணைச்சிட்டு இருங்க. புள்ளைங்களுக்கு சாப்பாடு குடுத்துருங்க, பசியில அழுவும். சட்டுனு ஓடுற மாதிரி செருப்ப போட்டுக்கிட்டே இருங்க.”

தொலைபேசியை வைத்த பிறகு அழுதேன். பயத்தால் அழுதேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை.

ஊரடங்கு எடுத்ததும் புஷ்பம் அக்கா கலஹாவிலிருந்து பஸ் ஏறி அருங்காட்சியகத்துக்கு வந்தார். மேடத்தின் முன்னால் உட்கார்ந்ததும் சொன்னார்:

“அத போடாதீங்க, மேடம்.”

கௌசல்யா துள்ளி எழுந்தாள். “ஏன் அக்கா? அந்தாளு மெரட்டுனானா?”

“யாரும் மெரட்டல. ரேடியோவுல கேட்டேன், சனங்க சத்தம் போட்டுக்கிட்டு வர்றத. அதே சத்தம். இப்ப அவன் பேர போட்டா, யாராச்சும் அவன் வீட்டுக்கு டின்ன தூக்கிட்டுப் போவான். இல்லாட்டி அவன் ஆளுங்க ஒங்க வீட்டுக்கு வருவாங்க. என்னால இன்னொரு வீடு எரியக் கூடாது.”

“அப்ப மெனிகே அக்கா காப்பாத்துனத மட்டும் போடுவோமே” என்றாள் கௌசல்யா.

“பாதிய சொன்னா பொய்யி. கேக்குறவங்க கண்ணு கலங்கிட்டு நல்ல கதன்னு வீட்டுக்குப் போயிருவாங்க. வேணாம்.”

“அழிச்சிட்டா இது நடக்கலன்னு ஆயிருமே அக்கா!” அவள் அழுதுவிட்டாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் எங்கள் எவர் மீதும் இல்லை என்று நினைக்கிறேன். வெகு நேரம் துடைத்தார். பிறகு சொன்னார்: “புஷ்பம், அழிக்கச் சொன்னால் இப்பவே உங்கட கண் முன்னால அழிக்கிறன். இல்லாட்டி மூடி வைக்கலாம். எப்ப திறக்கிறது, ஆர் திறக்கிறது எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்.”

புஷ்பம் அக்கா யோசித்தார். “மூடி வைங்க. நானும் அவனும் போன பெறகு தெறங்க. மொதல்ல அவன் வீட்டு ஆளுங்க கேக்கணும். வெளியாளு வாயால அவுங்களுக்குத் தெரியக் கூடாது. அப்புறம் எல்லாருக்கும் போடுங்க. எதையும் வெட்டாதீங்க.”

“ஆர் பொறுப்பு? பணிப்பாளர் எண்டு எழுதட்டோ?”

“ஆபீஸ் மாறும், மேடம். ஆளும் மாறும். கேட்ட புள்ளைங்க ரெண்டும் இருக்கட்டும்.”

மேடம் உடனே சம்மதிக்கவில்லை. “பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளையள். எத்தனை வருஷம் சுமக்க வேணுமோ தெரியாது. மாட்டன் எண்டு சொல்ல அவைக்கு உரிமை இருக்கு” என்றார். அடுத்த சனிக்கிழமை பதில் சொன்னால் போதும், அதுவரை வீட்டில் பேசிப் பார்க்கட்டும் என்றார். திலினிக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். “யோசித்துச் சொல்கிறேன், மிஸ்” என்றாள். அவள் வர மாட்டாள் என்றே நினைத்தேன். வராவிட்டால் நல்லது என்றும் ஒரு மனம் சொல்லியது.

சனிக்கிழமை அவள் வந்தாள். தகப்பன் வாசல் கேட்டுக்கு வெளியே குடை பிடித்தபடி நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, திரும்பியும் போகவில்லை. புஷ்பம் அக்காவின் நிபந்தனைகளை எழுதிய தாளில் இரண்டு பிள்ளைகளும் கையெழுத்து வைத்தார்கள். புஷ்பம் அக்கா இருவருடைய தலையையும் தடவிவிட்டார். “ஒங்களுக்கு பாரத்த வச்சிட்டேன்” என்றார்.

கண்காட்சியின் நடுவில் இருந்த கதிரையை நாங்கள் அகற்றவில்லை. ‘இந்தக் குரல் இருக்கிறது. சொன்னவர் கேட்டுக்கொண்டபடி இப்போது மூடப்பட்டிருக்கிறது’ என்று ஒரு சிறு பலகை வைத்தோம். பாடசாலைப் பிள்ளைகள் அதிக நேரம் நின்றது அந்தக் கதிரைக்கு முன்னால்தான். யார் அது, என்ன சொன்னார், ஏன் மூடினீர்கள் என்று கேட்டுக் குடைவார்கள். கௌசல்யா ஒரே பதில்தான் சொல்வாள்: “இன்னும் பயம் போகல. அதான்.”

பிறகு வருடங்கள் ஓடின. மேடம் யாழ்ப்பாணத்துக்கு, தமக்கை வீட்டோடு இருக்கப் போய்விட்டார். நான் ஓய்வு பெற்றேன். கௌசல்யா தோட்டப் பாடசாலையில் ஆசிரியை ஆனாள். திலினி ஒரு கந்தோரில் மொழிபெயர்ப்பாளர். புஷ்பம் அக்கா இரண்டு வருடங்களுக்கு முன்பு நெஞ்சுச் சளி முற்றி இறந்தார். கடைசி வாரத்தில் இருவரும் மாறி மாறி ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

திலினி என்னை அடிக்கடி அழைப்பாள். வேலைக்குப் போகும் பஸ்ஸில் மெனிகேயின் மகனும் சில நாட்களில் ஏறுவாராம். இவளை அடையாளம் கண்டுகொண்டாரா என்று தெரியாது. ஒருநாள் இடமில்லாமல் நின்றுகொண்டிருந்த அவளுடைய பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாராம். “நல்ல மனிதர் போலத்தான் தெரிகிறார், மிஸ். அது எனக்குத் தாங்க முடியவில்லை” என்றாள். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் கெட்டது. அவளுக்கு இந்தப் பாரத்தை ஏற்றியதில் எனக்கும் பங்கிருக்கிறது அல்லவா?

சென்ற வருடம் மழைக்காலத்தில் அவள் அழைத்தாள். “மிஸ், அந்த ஊர் வழியில் வெள்ளைக் கொடி கட்டியிருக்கிறார்கள். அவர் இறந்துவிட்டார்.”

கௌசல்யா உடனே போக வேண்டும் என்றாள். திலினி மறுத்தாள். இறந்தவருக்காகப் பிக்குகளுக்குக் கொடுக்கும் மூன்று மாதத் தானம் முடியும்வரை அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்றாள். இருவரும் இதற்காகச் சண்டை பிடித்துப் பல நாட்கள் பேசாமல் இருந்தார்கள். கடைசியில் காத்திருந்தார்கள்.

போன அன்று என்னையும் கூப்பிட்டார்கள். வாடகை வேன் ஒன்றில் போனோம். சாரதி அக்குறணையிலிருந்து எனக்குத் தெரிந்த பையன். வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வேனை நிறுத்தினோம். “முதலில் நான் தனியே செல்கிறேன்” என்று திலினி இறங்கினாள். கதவு திறந்தது, உள்ளே போனாள், கதவு மூடியது.

மழை பிடித்துக்கொண்டது. கௌசல்யா ஒலிப்பதிவு இருந்த மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்வீட்டிலிருந்து ஒருவர் வெளியே வந்து வேனைப் பார்த்தார். சற்றுப் பொறுத்து இன்னொருவர் வந்து அவரோடு நின்றார். வேனைத் திருப்பி வைப்போமா என்று சாரதி கேட்டான். “திருப்புங்க தம்பி” என்றேன். காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. திலினியோடு ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த மனிதரின் மகள். முகம் வெளுத்திருந்தது. வேனுக்குள் எட்டிப் பார்த்து, கௌசல்யாவிடம் சிங்களத்தில் கேட்டார்: “நீங்கள் அந்த அம்மாவுக்கு என்ன உறவு?”

“உறவில்லை. அவர் சொன்னபோது கேட்டவள்” என்றாள் கௌசல்யா, அவளும் சிங்களத்தில்.

“வீட்டுக்குள் அம்மா இருக்கிறார். அங்கே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவர் வேனுக்குள் ஏறி உட்கார்ந்தார். திலினி கதவை இழுத்து மூடினாள்.

புஷ்பம் அக்காவின் குரல் அந்தச் சிறிய வேனுக்குள் கேட்டது. கௌசல்யா இடையிடையே நிறுத்துவாள், திலினி சிங்களத்தில் சொல்வாள். எண்ணெய் டின் வந்தது. பெயர் வந்தது. அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அந்தப் பெண் முகத்தைத் திருப்பவில்லை. தையல் இயந்திரம் வந்தபோது மட்டும் கையை வாயில் வைத்துக்கொண்டார். “அதில்தான் என் பாடசாலைச் சட்டைகளை ஆச்சி தைத்தார்” என்றார். மெனிகே காலைத் தொட்ட இடம் முடிந்ததும் கௌசல்யா கணினியை மூடினாள்.

“அப்பாவின் பெயர் வரும் இடத்தை நீக்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா?” என்று அந்தப் பெண் கேட்டார்.

திலினி என்னைப் பார்த்தாள். நான் கௌசல்யாவைப் பார்த்தேன். எதையும் வெட்டக் கூடாது என்பது புஷ்பம் அக்காவின் சொல். “இல்லை” என்றாள் திலினி. “ஆனால் உங்களுக்குக் கஷ்டம் என்றால் நாங்கள் இன்னும் காத்திருப்போம்.”

அந்தப் பெண் மழையைப் பார்த்தார். முன்வீட்டு வாசலில் அந்த இருவரும் இன்னும் நின்றிருந்தார்கள்.

“காத்திருக்க வேண்டாம். நீக்கவும் வேண்டாம்” என்றார். “பெயர் இல்லாமல் போட்டால், இந்தத் தெருவில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீடாக இருக்குமோ என்று நினைக்கும். அது எங்கள் வீடுதான்.”

அவர் இறங்கி, மழையில் நனைந்தபடி நடந்து போனார். அதுவரை ஒரு துளி கண்ணீர் விடாத திலினி, கௌசல்யாவின் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். போவோமா என்று சாரதி கேட்டான். “அவங்க வீட்டுக்குள்ள போய்ச் சேரட்டும் தம்பி” என்றேன்.